சமம் கிடையாது

வரிசைத் துறையின் கட்டடத்துக்குள் நுழைய ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசையில் நிற்கத் தகுதி உண்டா என்று பார்க்க இன்னொரு வரிசை இருந்தது. நிரல் எழுதுகிறவன் இரண்டிலும் ஒழுங்காக நின்று உள்ளே போய்ச் சேர்ந்தபோது, வேலைக்கு வந்த முதல் நாளே தாமதம் என்று அவன் பெயருக்கு நேரே குறித்துவிட்டார்கள்.

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் அறை காலியானால் அதைக் காத்திருப்பவர்களில் யாருக்குத் தருவது என்று முடிவு செய்வதுதான் துறையின் பணி. அறைகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அறைகளைக் கூட்டுவதைவிட வரிசையை மேம்படுத்துவது மேல் என்று துறை எப்போதோ தீர்மானித்துவிட்டது. அதை உள்ளுக்குள்ளும் கடைப்பிடித்தது. லிஃப்டில் பதவிப்படி ஏறினார்கள், பதவிப்படி இறங்கினார்கள். இதனால் முதலில் ஏறி உள்ளே போய்விட்ட இயக்குநர் முதலில் இறங்குவதற்காக மற்ற எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரே நாளில் ஒரே நேரத்தில் பணிக்குச் சேர்ந்த இரண்டு எழுத்தர்கள் இருந்தார்கள். யார் மூத்தவர் என்று தெரியாததால் ஒருவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருக்கு வேலை எதுவும் கிடையாது. கீழே இருப்பதுதான் அவர் வேலை.

நிரலாளனுக்குக் கொடுத்த வேலை சின்னது. துறையின் பழைய நிரலைப் புதிய கணினிக்கு ஏற்றபடி மாற்றி எழுத வேண்டும். வரிசைப்படுத்தும் பகுதியை எழுதியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், ஆனால் அது புரியாத ஒன்றாக இல்லை. நிரல் இரண்டு பேரை எடுக்கும். நோய்க்கான மதிப்பெண், வயது, விண்ணப்பித்த நாள், வருமானம், வீட்டிலிருந்து மருத்துவமனைக்குத் தூரம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடும். முதலாமவர் முன்னால் போக வேண்டுமானால் கழித்தல் ஒன்று என்று பதில் சொல்லும். பின்னால் போக வேண்டுமானால் கூட்டல் ஒன்று. இப்படி இரண்டிரண்டு பேராகக் கேட்டுக் கேட்டு முழு வரிசையும் உருவாகும். இம்மாதிரி நிரல்களில் மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. இருவரும் சமம் என்றால் பூஜ்ஜியம். இந்த நிரலில் அது இல்லை. எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகும் வித்தியாசம் தெரியாவிட்டால், முதலில் கேட்கப்பட்டவரைப் பின்னால் தள்ளு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எழுதியவரின் குறிப்பு: "சமம் கிடையாது. இயக்குநர் உத்தரவு."

பழைய கணினி இதைப் பொறுத்துக்கொண்டு ஏதோ ஒரு வரிசையைத் தந்துவந்தது. புதியது பொறுக்கவில்லை. ஓடத் தொடங்கி, பாதியில் நின்று, ஒப்பீடு தன் பேச்சைத் தானே மீறுகிறது என்று ஒரு செய்தியைக் காட்டியது. அது சொன்னதில் தவறில்லை. இந்த ஆளுக்கு அந்த ஆள் முன்னால் என்கிறாய், திருப்பிக் கேட்டால் அந்த ஆளுக்கு இந்த ஆள் முன்னால் என்கிறாய், நான் எதை நம்புவது என்று கேட்டது. வாசலில் நின்றுகொண்டு நீங்க போங்க, இல்ல நீங்க போங்க என்று உபசரித்துக்கொள்ளும் இரண்டு பேரைப் போல யாரோ இருவர் பட்டியலுக்குள் நிற்கிறார்கள். யார் அந்த இருவர் என்று அவன் தேடினான். இரண்டு பெயர்கள் திரையில் வந்தன.

அவன் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று அவனைப் பெற்றவளுடைய பெயர். மற்றது அவளோடு இரட்டையாகப் பிறந்தவளுடையது.

அம்மாவின் உடன்பிறந்தவளைக் கூப்பிட நம் மொழியில் சொற்கள் இருக்கின்றன. மூத்தவள் என்றால் பெரியம்மா, இளையவள் என்றால் சித்தி. இரண்டும் இல்லாதவளுக்குச் சொல் இல்லை. பிறந்தபோது இருந்த களேபரத்தில் இரண்டு குழந்தைகளையும் ஒரே துணியில் சுற்றி வைத்துவிட்டார்களாம். எது முதலில் வந்தது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. அவன் பேசக் கற்றபோது, "பெரியம்மான்னு கூப்பிடுடா" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "நான் என்ன கிழவியா? சித்தின்னு கூப்பிடு" என்று மற்றவள் சொல்லியிருக்கிறாள். குழந்தை இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழுதது. "சரி, அம்மான்னே கூப்பிடு" என்று அவள் விட்டுக்கொடுக்க, குழந்தை அந்தச் 'சரி'யையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் அவள் சரியம்மா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள், அக்கம்பக்கத்து ஆட்களைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாள், அவனோடும் அம்மாவோடும் ஒரே வீட்டில் இருந்தாள்.

இப்போது அம்மாவுக்கு நினைவு போய்க்கொண்டிருந்தது. சரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து சரியாகக் கூடாமல் நடை போய்விட்டது. துறையின் அட்டவணைப்படி மறதிக்கும் நடக்க முடியாமைக்கும் ஒரே மதிப்பெண். வீட்டில் இரண்டும் சேர்ந்து ஒரு ஆளாகிவிட்டிருந்தன. சரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பால் பாத்திரம் இடது பக்கம். அடுப்பைச் சின்னதா வை. இப்ப சர்க்கரை. போட்டுட்டடி, மறுபடி போடாத" என்பாள். அம்மா நடந்து நடந்து செய்வாள். இப்படி ஒரு காப்பி உருவாகி, ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் போகும். நிரலாளன் வேலைக்குப் போன ஒரு மதியம் சரியம்மா கண்ணயர்ந்துவிட, அடுப்பு எரிந்துகொண்டே இருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டார் வந்து அணைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டான். ஒரே இல்லம், அடுத்தடுத்த அறை கிடைத்தால் போதும். பழைய நிரலின் புண்ணியத்தில் இருவரும் பட்டியலில் அடுத்தடுத்து, மேலே நெருங்கி வந்திருந்தார்கள்.

அவன் இயக்குநரிடம் போய், ஒரே ஒரு வரி மாற்றினால் போதும் என்றான். சமம் என்றால் பூஜ்ஜியம் என்று பதில் சொல்லட்டும், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

"தம்பி, பூஜ்ஜியம்னா என்ன?" என்றார் இயக்குநர்.

"ரெண்டு பேரும் சமம்னு அர்த்தம் சார்."

"பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். காத்துக்கிட்டிருக்கிற ஒரு பெரிய மனுஷியைப் பார்த்து அரசாங்கம் ஒண்ணுமில்லைன்னு சொல்லலாமா? மனசாட்சி இருக்கா?"

"இல்லை சார்" என்றார் பக்கத்தில் நின்ற துணை இயக்குநர். கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டதல்ல என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சமத்துவம் எங்க உயிர்மூச்சு. சுவத்துல பாருங்க, எழுதியே மாட்டியிருக்கோம். எல்லாரையும் சமமா நடத்துறதாலதான் யாரையும் சமமா வைக்க முடியல. ரெண்டு பேரு சமம்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு மூணு பேரு சமம்பாங்க. அப்புறம் எல்லாரும் சமம்பாங்க. அப்ப வரிசை எதுக்கு? வரிசை எதுக்குன்னு ஆயிட்டா துறை எதுக்கு? துறை எதுக்குன்னு ஆயிட்டா..."

அவர் நிறுத்திவிட்டார். அறையிலிருந்த எல்லோரும் அந்த வாக்கியத்தின் மிச்சத்தைத் தரையில் தேடினார்கள்.

"சார், அதுல ஒருத்தர் எங்க அம்மா" என்றான் அவன். "இன்னொருத்தரும் எங்க அம்மா மாதிரிதான்."

"மாதிரிங்கிறதுக்கு எங்ககிட்ட கட்டம் கிடையாது தம்பி. அதோட, சொந்தக்காரங்க விஷயத்துல நீங்க தலையிடவே கூடாது, தணிக்கை வந்துடும். யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. வேலையை மட்டும் நிறுத்திடாம பண்ணுங்க."

இருவருக்கும் இடையே வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கள ஆய்வாளர் ஒருவர் அனுப்பப்பட்டார். நிரலாளன் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் அவர் அளவு நாடாவோடு வீட்டுக்குப் போனார். உயரம் பார்த்தார், நிற்க முடியாதவளைப் படுக்க வைத்துப் பார்த்தார். எடை பார்த்தார். எதிலும் வித்தியாசம் இல்லை. கடைசியில் நேராகவே கேட்டார்: இரண்டு பேரில் அறை யாருக்கு அதிகம் தேவை? "அவளுக்குத்தான்" என்றாள் சரியம்மா. "பாவம், அவளுக்கு மறந்து மறந்து போகுது. எனக்கு என்ன, உட்கார்ந்த இடத்துல இருப்பேன்." அம்மா, "அவளுக்குத்தான் குடுங்க" என்றாள். "நடக்க முடியாம எவ்வளவு கஷ்டப்படறா பாருங்க. எனக்கு ஒண்ணும் இல்லையே." ஆய்வாளர் எழுதினார்: "விண்ணப்பதாரர்கள் இருவரும் தங்களுக்கு அறை தேவையில்லை எனத் தெரிவித்தனர்."

அந்த அறிக்கையை இயக்குநர் நிராகரித்தார். இரக்கத்தால் என்று நிரலாளன் ஒரு கணம் நினைத்தான். இயக்குநர் விளக்கினார்: "தேவையில்லைங்கிறதுலயும் ரெண்டு பேரும் சமமா இருக்காங்களே."

இதற்கிடையில் பழைய கணினியைக் கழற்றி ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். புதியது ஓட மறுத்தது. காலியான அறைகள் பூட்டிக் கிடந்தன. வெளிப்படைத்தன்மையில் துறைக்கு நம்பிக்கை அதிகம். எனவே "வரிசை நின்றுபோனதற்குக் காரணமானவர்கள்" என்று தலைப்பிட்டு இரண்டு பெயர்களையும் முகவரியோடு வாசல் பலகையில் ஒட்டியது.

ஒரு விடுமுறை நாளில் நிரலாளனின் வீட்டுக் கதவை யாரோ ஒருவர் இடித்தார். பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

"யாருங்க அந்த ரெண்டு பேரு? எங்கப்பா ஆஸ்பத்திரி வராண்டாவுல கெடக்கறாரு. அடுத்த அறை அவருக்குத்தான் வர வேண்டியது. உங்க வீட்டுச் சண்டையால..." அதற்குள் அவர் கண் நாற்காலியில் இருந்தவளையும், அவள் தலையை வாரிக்கொண்டிருந்தவளையும் பார்த்துவிட்டது. அம்மா வாரி முடித்து, மறந்து, மறுபடி முதலிலிருந்து வாரத் தொடங்கினாள்.

"உள்ளே வாங்க தம்பி" என்றாள் சரியம்மா. "நாங்க சண்டை போட்டா எவ்வளவோ நல்லா இருக்குமே, அதுகூட வராம போச்சு. அப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"பேக்கரியில இருந்தாருங்க."

"அப்ப வாழ்நாள் பூரா அடுப்புப் பக்கத்துல இருந்த உடம்பு. வராண்டாவுல அவருக்குக் குளிருமே." நிரலாளனிடம் திரும்பி, "டேய், அலமாரியில கம்பளி இருக்கு பாரு, நல்லதா எடு" என்றாள்.

டிரைவர் கம்பளியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கோபத்தை எங்கே வைத்துவிட்டுப் போவது என்று தெரியாதவர் போல இருந்தார். பிறகு போய்விட்டார்.

சரியம்மா கேட்டாள்: "நீ ஒரு வரி எழுதினா எல்லாருக்கும் கதவு திறந்துடும், அப்படித்தானே?"

"ஒருத்தரை முன்னால போடணும் சரியம்மா. ஒருத்தரைப் பின்னால."

"போடேன்டா."

"யாரை?"

    அம்மாவின் சீப்பு மறுபடி அவள் முடியில் இறங்கியது.

அந்த வாரமே துறை வழி கண்டுபிடித்தது. புதிதாக ஒரு விதி: ஆதரவற்றவர், அதாவது பிள்ளையோ பிள்ளை போல் பார்த்துக்கொள்பவரோ யாருமே இல்லாதவர், முன்னால். அம்மாவுக்கு ஒரு மகன் என்று ஏற்கெனவே பதிவு இருந்தது. சரியம்மாவின் கட்டம் காலியாக இருந்தது. நேரில் விசாரித்து உறுதி செய்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

"சார், இந்த விதியை எல்லாத்துக்கும் கடைசியில வைக்கலாம்" என்றான் நிரலாளன். "மத்த எல்லாம் சமமா இருந்தா மட்டும் இதைப் பார்க்கட்டும். அப்ப ஒருத்தருக்கு அடுத்து இன்னொருத்தர் வந்துடுவாங்க. தலையில வச்சா ஆதரவில்லாதவங்க அத்தனை பேரும் மேல போயிடுவாங்க. எங்க அம்மா எங்கயோ அடியில போயிடுவாங்க."

"அமைச்சர் வாயால அறிவிக்கப் போற விதி. அதைக் கொண்டுபோய்க் கடைசியில வைக்கிறதா? முதல் விதி முதல்லதான் இருக்கணும்."

"இன்னொருத்தருக்கும் ஆதரவு இருக்குன்னு விசாரணையில வந்துட்டா?"

"மறுபடி சமம். ரெண்டு பேரையும் பட்டியலை விட்டே எடுத்துடுவோம். முரண்பட்ட பொருள்னு ஒரு வகை வச்சிருக்கோம், அதுல போட்டுடலாம்." பிறகு பரிவோடு அவன் தோளைத் தட்டினார். "வருத்தப்படாதீங்க தம்பி. பொருள்னு சொல்றது உங்க கணினி பாஷைதானே? நாங்களா கண்டுபிடிக்கல."

ஆய்வாளர் மறுபடி வந்தார். விசாரணையின் முடிவை அங்கேயே கணினியில் ஏற்றுவதற்காக நிரலாளனையும் துறை அனுப்பியது. அவன் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆய்வாளருக்குப் பின்னால் உள்ளே போனான். ஆய்வாளர் விதியை உரக்கப் படித்தார், மறுபடி சமம் என்று வந்தால் இருவர் பெயரும் பட்டியலை விட்டே போகும் என்பதையும் சேர்த்து. சரியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"இல்லை" என்றாள்.

"பிள்ளை மாதிரி யாராவது? பார்த்துக்கறவங்க?"

நிரலாளன் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவன் பார்த்த முகம். அதில் அவனுக்குத் தெரியாத யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க சார்" என்றாள் அவனிடம். "தண்ணி குடிக்கறீங்களா? அங்க பானையில இருக்கு, எடுத்துக்குங்க. என்னால எழுந்து தர முடியாது." பிறகு ஆய்வாளரிடம், "யாரும் இல்லை" என்றாள்.

அம்மா இருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். "என்னடி பேசற நீ? இதோ நிக்கறானே நம்ம பையன்! உன் மடியிலதானே தூங்குவான். என்கிட்ட வரவே மாட்டானே."

பல மாதங்களுக்குப் பிறகு அம்மா பிசகில்லாமல் சொன்ன வார்த்தைகள் அவை. ஆய்வாளர் கனிவோடு பேனாவை எடுத்தார். "மறதின்னு போட்டிருக்கே, இவங்கதானே?"

"ஆமா சார். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் பையனாத்தான் தெரியும். அவ பையன் வேலைக்குப் போயிருக்கார். இவர் உங்க ஆபீஸ்ல இருந்து வந்தவர். கம்ப்யூட்டர் சரி பண்றவர்." அவள் குரல் தொலைபேசி நிலையத்துக் குரலாக, ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று ஆய்வாளர் அவனைக் கேட்டார். "இவங்களைப் பார்த்துக்க யாராவது இருக்கற மாதிரி தெரியுதா?"

அவன் பேசவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மௌனம் ஆட்சேபணையின்மையாகக் கொள்ளப்படும் என்ற பிரிவின் கீழ் ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "அப்ப ஏத்திடுங்க" என்றார். அவன் தரையில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து, சரியம்மாவின் பெயருக்கு நேரே இருந்த காலிக் கட்டத்தில் யாரும் இல்லை என்று ஏற்றினான். புதிய நிரல் ஒரு தடையும் சொல்லாமல் ஓடியது. சரியம்மா பட்டியலின் தலைக்குப் போனாள். அம்மாவின் பெயரைப் பார்க்கத் திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனான். அது வருவதற்குள் ஆய்வாளர், "போதும் சார், முதல் பக்கம் வந்தா போதும்" என்று சொல்லிவிட்டார்.

துறையில் விழா நடந்தது. "ஒரு மனுஷிக்கு இந்த உலகத்துல யாருமே இல்லைன்னு கண்டுபிடிக்க இத்தனை பேரு இராப்பகலா உழைச்சிருக்கோம்" என்று இயக்குநர் பேசினார். துணை இயக்குநர் கைதட்டலைத் தொடங்கி வைத்தார். மற்றவர்கள் பதவிப்படி சேர்ந்துகொண்டார்கள். வராண்டாவில் கிடந்தவருக்கு அறை கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு மகன் இருந்தார், பஸ் ஓட்டுகிறார்.

சரியம்மாவை அழைத்துப் போக வேன் வந்தது. ஆய்வாளரும் கூடவே வந்திருந்தார். ஆதரவற்றவரை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். வேன் படி உயரமாக இருந்தது. "ஆபீஸ் சார்தான் வந்திருக்காரே, ஒரு கை பிடிங்களேன்" என்று ஆய்வாளர் சொன்னார்.

நிரலாளன் குனிந்தான். சரியம்மா ஒரு கையை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். அவளுடைய எடை அவனுக்குத் தெரியும்; எங்கே பிடித்தால் வலிக்கும் என்பதும் தெரியும். வலிக்காமல் தூக்கினான். அவ்வளவு சரியாக ஒரு வெளியாள் தூக்க முடியாது என்பதை ஆய்வாளர் கவனிக்கவில்லை.

"பார்த்துங்க சார்" என்றாள் அவள், ஆய்வாளருக்குக் கேட்கும்படி. "உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கப் போகுது. நேரத்துக்குச் சாப்பிடுங்க சார்."

வாசலில் நின்ற அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். பல நாளைக்கப்புறம் வாய்விட்டு வந்த சிரிப்பு.

"பெத்த பிள்ளையைப் போய் சாருங்கறா பாரு. எனக்குத்தான் மறதின்னு பார்த்தா, உனக்கும் வந்துடுச்சாடி?"

"ஆமாடி" என்றாள் சரியம்மா.